கட்சியில்லாத பேராசிரியர் பொகோட்டாவின் மேயரானது எப்படி?

தெற்குவாசல் கேட்கிறார்:

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1994 அக்டோபரில் நடந்த மேயர் தேர்தலைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். லிபரல், கன்சர்வேட்டிவ் என்ற இரண்டு கட்சிகளே நூறாண்டுகளுக்கு மேலாக மாறி மாறி ஆண்ட நாடு அது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்த மாநகரில், லிதுவேனியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவரும், கணிதமும் தத்துவமும் கற்பித்தவருமான ஆன்டனாஸ் மொக்கஸ் என்ற பேராசிரியர் சுயேச்சையாக நின்று, லிபரல் கட்சி வேட்பாளர் என்ரிக்கே பென்யாலோசாவைத் தோற்கடித்து, பதிவான வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றார். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், கூச்சலிட்டுப் பேசவிடாமல் தடுத்த மாணவர்களுக்கு முன்னால் மேடையிலேயே காற்சட்டையை இறக்கிக் காட்டியதற்காகத் தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியை அவர் இழந்திருந்தார்.

எனக்கு இரண்டு ஐயங்கள். கட்சியும் பண பலமும் இல்லாமல் அவரால் எப்படி வெல்ல முடிந்தது? வென்ற பிறகு, மாமன்றத்தில் தமக்கென்று ஓர் அணி இல்லாத நிலையில் எப்படி நிர்வாகம் நடத்தினார்? 'மக்கள் அரசியல்வாதிகளிடம் சலித்துப் போயிருந்தார்கள்' என்ற ஒற்றை வரி விடை எனக்குப் போதவில்லை. சலிப்பு எல்லா ஊர்களிலும் இருக்கிறது. மொக்கஸ் எல்லா ஊர்களிலும் வெல்வதில்லை.

மாநகரன்:

உங்கள் முதல் கேள்விக்கான விடையை மொக்கஸிடம் தேடாமல், அவருக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்தவரிடம் தேடினால் நன்றாகக் கிடைக்கும் என்பது என் கருத்து.

1988 வரை பொகோட்டாவின் மேயரை நாட்டின் அதிபரே நியமித்தார். 1986-இல் அரசியலமைப்பில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகுதான் மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முறை வந்தது. 1991-இல் வந்த புதிய அரசியலமைப்பு ஒருபடி மேலே போய், போதிய கையெழுத்துகளைத் திரட்டும் குடிமக்கள் குழுவும் கட்சியின் தயவில்லாமல் வேட்பாளரை நிறுத்தலாம் என்று வழி திறந்தது. இவ்வளவும் கதவு திறந்த கதை மட்டுமே.

கதவுக்குள் நுழைந்தவர் கால் ஊன்றுவதற்கு இடம் அமைத்துக் கொடுத்தவர் 1992 முதல் 1994 வரை மேயராக இருந்த ஹைமே காஸ்த்ரோ. அவர் லிபரல் கட்சிக்காரர்தான். அதுவரை மாமன்ற உறுப்பினர்கள் தண்ணீர், மின்சாரம், தொலைபேசி ஆகிய மாநகர நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களிலேயே அமர்ந்திருந்தார்கள். யாருக்கு வேலை, யாருக்கு ஒப்பந்தம் என்பதில் அவர்கள் கை இருந்தது. தேர்தல் நாளில் ஆட்களைத் திரட்டும் கட்சி இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றியதும் அதுவே. 1993-இல் வந்த பொகோட்டாவுக்கான தனிச் சட்டம் அவர்களை அந்த நாற்காலிகளிலிருந்து இறக்கியது. அதோடு, சொத்தின் மதிப்பை உரிமையாளரே கணித்து வரி கட்டும் முறையையும் காஸ்த்ரோ கொண்டுவந்தார். வரி ஏறியதால் அவர்மீது வெறுப்பும் ஏறியது. ஆனால் காலியாகக் கிடந்த மாநகரக் கருவூலத்தில் பணம் சேரத் தொடங்கியது. வசவு முழுவதும் அவருக்குப் போக, வரவு மொக்கஸின் காலத்தில் கைக்கு வந்தது.

இரண்டாம் கேள்விக்கும் அதே சட்டத்தில் பாதி விடை இருக்கிறது. மேயர் முன்வைக்கும் வளர்ச்சித் திட்டத்துக்கு மாமன்றம் உரிய காலத்துக்குள் ஒப்புதல் தராவிட்டால், மேயர் அதைத் தம் ஆணையின் மூலமே நடைமுறைப்படுத்தலாம். 'நகரத்தை உருவாக்குதல்' என்று பொருள்படும் பெயரில் மொக்கஸ் 1995-இல் கொண்டுவந்த திட்டம் அப்படி ஆணையாகவே வந்தது. வேறு சட்டத்தின் கீழ், வேறு நகரத்தில், அந்தத் திட்டம் மாமன்றத்தின் மேசையிலேயே மக்கிப் போயிருக்கும்.

நூலகத்துமூலை:

மாநகரன் சொல்லும் சட்ட வரலாறு சரியானது. ஆனால் அதைப் படித்தால் அந்தக் காலகட்டத்தில் எந்தச் சுயேச்சை நின்றிருந்தாலும் வென்றிருப்பார் என்ற எண்ணம் வருகிறது. அது உண்மையல்ல.

மொக்கஸ் கட்டண விளம்பரங்களுக்குப் பணம் செலவிடாமல் பரப்புரை செய்தார். அவருடைய சின்னம் ஒரு பம்பரம். லத்தீன் அமெரிக்கச் சிறுவர்கள் ஆடும் ஆறுமுகப் பம்பரம் அது. சுழற்றி விட்டால் 'ஒன்று எடு', 'எல்லாவற்றையும் எடு', 'ஒன்று போடு' என்று ஏதோ ஒரு முகம் மேலே வரும். 'எல்லாரும் போடுங்கள்' என்ற முகத்தையே அவர் வாக்காளர்களிடம் காட்டினார். எல்லா வேட்பாளர்களும் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊரில், 'நீங்களும் தர வேண்டும்' என்று ஒருவர் வாக்குக் கேட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். காற்சட்டைச் சம்பவம்கூட, தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானபோது, மறைக்க ஒன்றுமில்லாத மனிதர் என்ற பொருளில்தான் பலருக்குப் பதிந்தது. (அந்தச் செயலை நான் மெச்சவில்லை, ஒரு துணைவேந்தர் நம்மிடையே அப்படிச் செய்தால் நான்தான் முதலில் கண்டித்து எழுதுவேன்.)

நிர்வாகம் பற்றிய கேள்விக்கு என் விடை இது: மாமன்றத்தின் கைதூக்கல் தேவைப்படாத கருவிகளை அவர் தேர்ந்தெடுத்தார். ஒருவனைத் தவறிலிருந்து தடுப்பவை மூன்று, அவை சட்டம், மனச்சாட்சி, சுற்றத்தாரின் பார்வை என்பது அவருடைய தத்துவம். மூன்றாவதை நாம் 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று சொல்வோம். பொகோட்டாவில் அந்த நாலு பேர் காணாமல் போய்விட்டார்கள் என்பது அவருடைய நோய்க்கணிப்பு. ஆகவே, முகத்தில் வெள்ளை பூசிய மௌன நாடகக் கலைஞர்களைச் சாலைச் சந்திப்புகளில் நிறுத்தினார். கோட்டைத் தாண்டி நிற்கும் வண்டிக்காரரையும், கண்ட இடத்தில் சாலையைக் கடப்பவரையும் அவர்கள் வாய் திறக்காமல் பழித்துக் காட்டினார்கள், பார்த்தவர்கள் சிரித்தார்கள். 20 பேருடன் தொடங்கிய அந்த முயற்சியில் பின்னர் 400-க்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றார்கள். கட்டை விரல் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அச்சிடப்பட்ட 3,50,000 அட்டைகள் மக்களிடம் வழங்கப்பட்டன. அபராதம் கட்ட அஞ்சாத ஓட்டுநர், பக்கத்து வண்டியிலிருந்து நீட்டப்பட்ட அட்டைக்கு நாணினார்.

1997-இன் தொடக்கத்தில், நகரத்துக்கு நீர் தரும் சிங்காசா அமைப்பின் சுரங்கக் கால்வாய் இடிந்தபோது, மேயரே தொலைக்காட்சியில் குளித்துக் காட்டி, சோப்புப் போடும் நேரத்தில் குழாயை மூடச் சொன்னார். இரண்டு மாதங்களில் நீர்ப் பயன்பாடு 14 விழுக்காடு குறைந்தது. இதற்கு எந்த மாமன்றத் தீர்மானம் வேண்டும்?

கணக்கன்:

நண்பர் நூலகத்துமூலை அழகாக எழுதியிருக்கிறார்; அந்த அழகில்தான் எனக்கு அச்சம். மொக்கஸைப் பற்றிய கட்டுரைகளில் எல்லாம், ஒரு லட்சம் பேருக்கு 80 என்ற அளவில் 1993-இல் இருந்த கொலை விகிதம் 2003-இல் 22-ஆகக் குறைந்ததும், சாலை விபத்து மரணங்கள் ஆண்டுக்கு 1,300 என்ற அளவிலிருந்து சுமார் 600-க்கு வந்ததும், கோமாளிகளின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. இவ்விரு எண்களும் பத்தாண்டுக் காலத்துக்கு உரியவை. அந்தப் பத்தாண்டின் நடுவில் மூன்றாண்டுகள் பென்யாலோசா ஆண்டார். நடைபாதைகள், பூங்காக்கள், நூலகங்கள், 2000 டிசம்பரில் ஓடத் தொடங்கிய திரான்ஸ்மிலேனியோ விரைவுப் பேருந்து எல்லாம் அவர் காலத்தவை. கொலைகள் குறையத் தொடங்கியதும் மொக்கஸ் பதவியேற்பதற்கு முந்தைய ஆண்டிலேயே.

மொக்கஸ் காலத்தில் குறைந்த பகுதிக்கும் காரணம் கூத்து மட்டுமல்ல. மதுக்கடைகளை அதிகாலை 1 மணிக்கே மூடச் சொன்ன ஆணையை அந்த ஊர்க்காரர்கள் 'கேரட் சட்டம்' என்று அழைத்தார்கள்; அடங்கி ஒடுங்கி நடக்கும் ஆளை அவர்கள் பேச்சுவழக்கில் கேரட் என்பார்கள். துப்பாக்கியுடன் நடமாடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது; ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளை உருக்கிக் குழந்தைகளுக்கான கரண்டிகள் செய்தது நாடகம்தான், ஆனால் கட்டுப்பாடு நாடகமல்ல. ஊழலுக்குப் பெயர்போன போக்குவரத்துக் காவல் பிரிவைக் கலைத்து, அந்தப் பொறுப்பைத் தேசியக் காவல் துறையிடம் ஒப்படைத்ததும் அப்படித்தான். சிரிக்க வைத்தவர், கண்டிப்பான ஆணைகளிலும் கையெழுத்திட்டார். நகைச்சுவையை மட்டும் நகலெடுக்க முயலும் ஊர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னும் இரண்டு குறைகள். முதலாவது, அவரை 'வெளியாள்' என்பது பாதி உண்மை. கட்சிகளுக்கு வெளியாள்தான், ஆனால் நாட்டின் மிகப் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தை நடத்தியவருக்கு வரவு செலவுத் திட்டமும், தொழிற்சங்கமும், வேலைநிறுத்தமும் புதியவையல்ல. இரண்டாவது, மூன்றாண்டுப் பதவியை முடிக்காமல் 1997 ஏப்ரலில் அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதற்காக விலகினார். மிச்ச மாதங்களைப் பால் புரோம்பெர்க் என்ற மற்றொரு கல்வியாளர்தான் ஆண்டார். நகரம் அதை மறக்கவில்லை. 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் மொக்கஸ் ஒரு நீரூற்றில் இறங்கி நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நூலகத்துமூலை:

கொலை விகிதத்தைப் பற்றிக் கணக்கன் சொல்வதை ஏற்கிறேன். அதை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது. ஆனால் ஓர் எண்ணை அவரும் மறுக்க முடியாது. மொக்கஸின் இரண்டாம் பதவிக் காலத்தில், 2002-இல், விருப்பமுள்ளவர்கள் 10 விழுக்காடு கூடுதலாக வரி கட்டலாம் என்று மாநகராட்சி கேட்டபோது 63,000 பேர் கட்டினார்கள். மொத்த வருவாயில் அது சிறு தொகைதான். எனினும், சட்டம் கேட்காத பணத்தைத் தம் மாநகராட்சியிடம் யாராவது தானாகக் கொண்டுபோய்க் கொடுத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

தெற்குவாசல்:

மூவருக்கும் நன்றி. மாமன்ற உறுப்பினர்களை நிறுவனக் குழுக்களிலிருந்து நீக்கிய சட்டம் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை. எனக்கு அதுவே முடிச்சை அவிழ்த்தது. கடைசியாக ஒன்று கேட்கிறேன். இந்த வெற்றி மொக்கஸோடு முடிந்துவிட்டதா, அல்லது வேறு யாராவது அந்த வழியில் வந்தார்களா?

மாநகரன்:

கட்சியாக அது நிலைக்கவில்லை. மொக்கஸ் 2010-இல் பசுமைக் கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்று, இரண்டாம் சுற்றில் ஹுவான் மானுவேல் சாண்டோஸிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். பொகோட்டாவிலேயே, 2007-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சாமுவேல் மொரேனோ ஒப்பந்த ஊழலில் சிக்கிப் பதவியிழந்து, பின்னர் தண்டனையும் பெற்றார். உறுப்பினர்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் இடையே 1993-இல் எழுப்பப்பட்ட சுவரில் எங்கே ஓட்டை விழுந்தது என்பது தனியாகப் பேச வேண்டிய செய்தி.

ஆனால் அந்த வழியை முதலில் கற்றுக்கொண்டவர் யாரென்றால், மொக்கஸிடம் தோற்ற அதே பென்யாலோசாதான். 1994-இல் லிபரல் வேட்பாளராகத் தோற்றவர், 1997-இல் கட்சியை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நின்று மேயரானார். நடைபாதைகளில் கார்கள் ஏறி நிற்காதபடி குட்டைக் கம்பங்களை நட்டார். கார் வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்து, அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைப்பதற்காகத் தெருத்தெருவாகக் கையெழுத்துத் திரட்டினார்கள். அந்த முயற்சி கைகூடவில்லை, கம்பங்கள் நின்றன.