மாமாவின் பழைய லேசரை வைத்து ரேஸ் ஓடலாமா? எந்தக் கிளாஸ் கட்டுப்படியாகும்?

உப்புவெளிப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். வயது 27, துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில் கணக்கு வேலை. சின்ன வயதிலிருந்தே ரேஸ் பைத்தியம். இதுவரை பார்த்ததெல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான். ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று நிற்கிறேன்.

கையில் 12 இலட்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு மாதம் 25,000 ஒதுக்கலாம். அதற்கு மேல் ஏலாது, கல்யாணப் பேச்சும் நடக்கிறது.

மாமாவின் வளவில் 1986 ஃபோர்ட் லேசர் ஒன்று ஆறு வருடமாக வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறது. கடல் முந்நூறு மீற்றர் கூட இல்லை. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது, கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. "எடுத்துக்கொண்டு போ, எனக்கு இடம் மிச்சம்" என்கிறார் மாமா. இதையே திருத்தி, லேசர் வகைக் கார்கள் தங்களுக்குள் போட்டியிடும் பிரிவான லேசர் கிளாஸில் ஓடலாமா? இல்லாவிட்டால் நிசான் மார்ச் வாங்குவதா? ஒரு சிநேகிதன் மினி என்கிறான், இன்னொருவன் ஹொண்டா என்கிறான். தலை சுற்றுகிறது.

நிலாவெளி நண்டு:

12 இலட்சத்துக்கு ஒரு நல்ல வள்ளம் வாங்குங்கள் தம்பி. அதுவாவது மீன் பிடிக்கும்.

கந்தளாய் பாஸ்:

நண்டின் கதையை விடுங்கள். நான் பத்து வருடமாகக் கராஜ் நடத்துகிறேன், மின்னேரியா, சாலியபுர ஓட்டங்களில் சிநேகிதர்களின் காருக்குப் பிற் வேலையும், அதாவது தடத்தோரத் திருத்த வேலையும், பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எஞ்சினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒரு கிழமை ஊற விடுங்கள். அது தன்பாட்டில் கிடக்கட்டும். முதலில் பார்க்க வேண்டியது பொடியை, அதாவது காரின் உடல் தகட்டை. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் எடுங்கள். பொனற்றைத் திறந்தால் இரண்டு பக்கமும் சொக் அப்சோபரின் மேல்முனை வந்து பூட்டியிருக்கும் மேடை தெரியும். அதைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். பிறகு கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், பின்சீற்றுக்குக் கீழே உள்ள தகடு. "டிங்" என்று சத்தம் வந்தால் நல்லது. "சொத்" என்று உள்ளே இறங்கினால் அந்தக் கார் ரேஸுக்கு இல்லை. பூச்சைப் பார்த்து ஏமாற வேண்டாம். எங்கள் உப்புக் காற்று உள்ளிருந்துதான் தின்றுகொண்டு வரும், வெளியே கடைசியாகத்தான் தெரியும்.

அப்புறம், எஞ்சினில் என்ன எழுத்து அடித்திருக்கிறது என்று பாருங்கள். E3 என்றால் 1300 சிசி, E5 என்றால் 1500 சிசி. லேசர் என்பது மஸ்டா 323தான், மஸ்டா செய்து ஃபோர்ட் பெயரில் விற்றது. அதனால்தான் இங்கே கிளாஸே "லேசர், மஸ்டா" என்று சேர்த்து ஓடுகிறது. ஒன்றின் சாமான் மற்றதுக்குப் பொருந்தும். பணம் குறைந்தவனுக்கு அதுதான் பெரிய வரம்.

உப்புவெளிப் பொடியன்:

பாஸ் அண்ணா, இன்று காலை குத்திப் பார்த்தேன். வலது பக்க மேடை "டிங்". இடது பக்கம் ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் போய்விட்டது. இழுத்து எடுக்கும்போது ஒரு கைப்பிடி துரு கொட்டியது, உள்ளே எறும்புப் புற்று வேறு. எஞ்சின் E3.

அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒட்டு வேலை செய்கிற ஒருவரிடம் படம் காட்டினேன். "தகடு வைத்து ஒட்டலாம், தண்ணீர்க் குழாயில் கேஜும் (கார் புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூடு) அடித்துத் தருகிறேன், எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம்" என்கிறார். செய்யலாமா?

மாத்தளை மார்ச்:

செய்யாதீர்கள். தயவுசெய்து.

தண்ணீர்க் குழாய் தண்ணீர் ஓடுவதற்குச் செய்தது. தகட்டைச் சுருட்டி ஒரு ஓரமாக ஒட்டிய குழாய் அது. கார் புரண்டு கூரையில் விழும்போது அந்த ஒட்டுத்தான் முதலில் விடும். போதாததற்கு மேலே நாகப் பூச்சு வேறு, அதை ஒட்டும்போது வரும் புகையைச் சுவாசித்தால் அந்த அண்ணருக்கே காய்ச்சல் வரும். கேஜுக்கு வேண்டியது ஒட்டுத் தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த உருக்குக் குழாய். சர்வதேசச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் அளவு: ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவு 45 மில்லிமீற்றர் விட்டம், 2.5 தடிப்பு, அல்லது 50 விட்டம், 2 தடிப்பு. மற்றக் குழாய்கள் 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. இன்னொன்று, கேஜ் காலூன்றுவது பொடியில்தான். பொடி "சொத்" என்றால் எவ்வளவு நல்ல கேஜ் போட்டும் பயனில்லை.

என் கதை மார்ச். K11, 1992இல் வந்த மொடல். லீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த 997 சிசி எஞ்சின், பாரம் குறைவு, டயர் சீக்கிரம் தேயாது. புதிதாகப் பழகுகிறவனுக்கு அருமையான கார். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த மார்ச்சில் நிறைய ஓட்டோ, அதுவும் பெல்ட்டில் ஓடும் சி.வி.ரி. நான் மலிவு என்று அதைத்தான் வாங்கினேன். பிறகு மனுவல் கியர்பொக்ஸ், கிளச் பெடல், கேபிள், டிரைவ் ஷாஃப்ட் என்று தேடித் தேடி, மிச்சம் பிடித்த காசு அப்படியே போனது. வாங்கினால் மனுவலாக வாங்குங்கள்.

மினி அழகுதான், வாய் பார்க்கலாம். இப்போது அது பழம்பொருள் விலை. எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே ஒயிலைக் குடிக்கிற வண்டி, கியர் பல் ஒன்று உடைந்தால் துகள் எஞ்சின் பெயரிங் வரைக்கும் போக வழி உண்டு. பத்து அங்குல டயர் தேடுவது தனி வேலை. ஹொண்டா கிளாஸ் வேகமான பையன்கள், வேகமான செலவு. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

கந்தளாய் பாஸ்:

மார்ச் தம்பி சொன்னது சரி. ஆனால் "எந்தக் கார்" என்ற கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் கணக்கு வேலைக்காரர்தானே, காரின் விலையை விட்டுவிட்டு, ஒரு ஓட்டத்துக்குப் போய்வர என்ன செலவு என்று தாளில் எழுதுங்கள்.

லொறி. ரேஸ் காரை வீதியில் ஓட்டிக்கொண்டு போகிற எண்ணம் வேண்டாம். போகும்போது ஓடும், வரும்போது ஓடுமா என்பதை யார் சொல்வது? உங்களிடமிருந்து மின்னேரியாவும் சாலியபுரவும் நூறு கிலோமீற்றர் சொச்சம்தான். அது உங்கள் அதிர்ஷ்டம். தியத்தலாவை, நுவரெலியா, கட்டுக்குருந்த எல்லாம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், லொறிக்காரர் ஒரு நாள் தங்கவும் காசு கேட்பார். அப்படியென்றால் உங்களுக்குப் பக்கத்தில் நடப்பது எல்லாம் இராணுவம் நடத்துகிற மண் தடச் சூப்பர் குரொஸ். ஆகவே உங்கள் கிளாஸை முதலில் தீர்மானிப்பது புவியியல்.

மண் தடம் என்றால் புழுதி, இடி, வளைந்த ரிம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எயார் ஃபில்டர், வீல் பெயரிங், பிரேக் எல்லாம் கழற்றிக் கழுவ வேண்டும். கதவு, மட்கார்ட், பம்பர் கொஞ்சம் போகும். போனால் ஆயிரங்களில் முடிகிற சாமானா, இலட்சத்தில் முடிகிற சாமானா என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் லேசர் நிற்கிறது.

அடுத்தது, அந்த வருட ஓட்டத்தின் விதித்தாளை எடுத்து, லேசர் 1300 தனியாக இருக்கிறதா, 1500 மட்டுமா என்று பாருங்கள். ஏற்பாட்டாளர்களைக் கூப்பிட்டு "போன முறை இந்தக் கிளாஸில் எத்தனை கார் வந்தது" என்றும் கேளுங்கள். மூன்று கார் வருகிற கிளாஸில் சேர்ந்தால் உங்களைக் கொண்டுபோய்ப் பெரிய எஞ்சின்களோடு சேர்த்துவிடுவார்கள். பதினைந்து கார் வருகிற கிளாஸில் கடைசியாக வந்தாலும் உங்களோடு மல்லுக்கு ஒருவன் இருப்பான். சாமான் கடன் கேட்கவும் ஆள் இருக்கும்.

ரொறன்ரோ திருமலையான்:

ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்தவன், இப்போது கனடா. அமெரிக்காவில் "24 அவர்ஸ் ஒஃப் லெமன்ஸ்" என்று ஒரு பகிடி ரேஸ் 2006 முதல் நடக்கிறது. காரின் பெறுமதி 500 டொலருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நாங்கள் நாலு பேர் ஒரு உக்கல் காரோடு எல்லை தாண்டிப் போய் ஓடினோம். ஆனால் அந்த விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: கேஜ், சீற், பெல்ட், பிரேக், டயர் எதையும் அந்த 500க்குள் சேர்க்க மாட்டார்கள். எங்கள் காரை விட நாங்கள் நாலு பேரும் போட்டிருந்த உடுப்பும் ஹெல்மெட்டும் பல மடங்கு விலை. முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் சரிதான்.

தம்பி, ஹெல்மெட் விஷயத்தில் ஒன்று. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேறு, கார் ரேஸ் ஹெல்மெட் வேறு. ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் நிறுவனத்தின் முத்திரையில் M என்றால் மோட்டார் சைக்கிளுக்கு, SA என்றால் காருக்கு. SAக்கு நெருப்புச் சோதனையும் உண்டு. பெல்ட்டில் எந்த வருடம் வரைக்கும் செல்லும் என்று சீட்டுத் தைத்திருக்கும், பழசு வாங்கினால் அதைப் பாருங்கள். திருமலை வெயிலில் கிடந்த பெல்ட் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

உப்புவெளிப் பொடியன்:

கணக்குப் போட்டேன். மின்னேரியாவுக்கு லொறி போக வர மட்டும் 40,000 கேட்கிறார்கள். உடுப்பு, ஹெல்மெட், பெல்ட், சீற், டயர் எல்லாம் எழுதிக் கூட்டியபோது, காருக்கு என்று மிஞ்சியது பாதிதான். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு பிரச்சினை அம்மா. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் கார் தடம் விட்டுப் பாய்ந்து ஏழு பேர் இறந்ததை ரீவியில் பார்த்ததிலிருந்து ரேஸ் என்ற சொல்லே வீட்டில் எடுக்க முடியாது.

சாம்பல்தீவு அக்கா:

அம்மா பயப்படுவதில் பிழை இல்லை தம்பி, பேசி வெல்லப் பார்க்காதீர்கள். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், தம்பியின் ஓட்டத்துக்குத் துணையாகப் போயிருக்கிறேன். அந்த விபத்தில் போனது தடத்தோரம் நின்றவர்களின் உயிர், பார்க்க வந்தவர்களும் தட உதவியாளர்களும். அதனால் ஓட்டப் போகிறவர்களும் முதலில் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று படிக்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு உதவியாளாகப் போய்ப் பாருங்கள். கேஜ் போட்ட காருக்குள் அம்மாவை ஒருமுறை உட்கார வைத்துப் பெல்ட்டும் பூட்டிக் காட்டுங்கள். எங்கள் அம்மா அதற்குப் பிறகுதான் சோறு கட்டித் தந்தார்.

மாத்தளை மார்ச்:

அக்கா சொன்ன உதவியாள் யோசனைக்கு நூறு மார்க்ஸ். நானும் முதல் வருடம் டயர் உருட்டினவன்தான்.

தம்பி, நீங்கள் கட்டாதீர்கள், கட்டிய காரை வாங்குங்கள். ஒருவன் கேஜ் போட்டு, சீற் போட்டு, இரண்டு சீசன் ஓடிவிட்டு, கல்யாணம் முடித்து விற்கிற கார்தான் உலகத்திலேயே மலிவு. அவன் செலவழித்ததில் பாதி கூடத் திரும்பி வராது. முழுசாக வாங்கக் காசு காணாவிட்டால் ஒருவரோடு பங்கு போடுங்கள், ஆளுக்கு ஒரு ஓட்டம். யார் உடைத்தால் யார் திருத்துவது என்பதை மட்டும் முதல் நாளே எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை. ஒரு நல்ல சிநேகிதன் போனான்.

ஓட்டத் தெரியுமா என்ற சந்தேகம் இருந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானம் போகிறதே, அங்கிருந்து கோயம்புத்தூர் போய் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்ற ரேஸ் தடத்தில் பழகுவதும் ஒரு வழி. தமிழிலேயே திட்டு வாங்கலாம். ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு அது இரண்டாம் வருடக் கதை.

உப்புவெளிப் பொடியன் (ஐந்து மாதத்துக்குப் பிறகு):

மன்னிக்க வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விட்டேன்.

சாலியபுரவுக்குப் பாஸ் அண்ணாவோடு உதவியாளாகப் போனேன். இரண்டு நாளும் புழுதி தின்றேன். அங்கேதான் கெக்கிராவையிலிருந்து வந்த ஒரு அண்ணரைப் பழக்கம். 1500 லேசர், கேஜ் ஒழுங்காகப் போட்டது, பங்காளி வெளிநாடு போய்விட்டாராம். நான் 6 இலட்சம் கொடுத்துப் பாதிப் பங்கு எடுத்தேன். உடன்படிக்கை ஒரு கொப்பித் தாளில், இரண்டு பேரும் கையெழுத்து, அக்காவின் கணவர் சாட்சி. ஹெல்மெட்டும் பெல்ட்டும் எனக்குப் புதிது. போட்டி லைசன்ஸும் எடுத்தாயிற்று.

மாமாவின் காரை வெட்டி விற்கவில்லை. எஞ்சின் ஒன்பதாம் நாள் சுற்றியது! 1300 என்பதால் இந்தக் காருக்கு ஆகாது, ஸ்டாண்டில் இருக்கிறது. கண்ணாடிகள், இரண்டு கதவு, விளக்குகள், பின் அச்சு எல்லாம் நல்லது, அந்தக் கார் அப்படியே எங்கள் சாமான் கடை. அம்மா கேஜுக்குள் உட்கார்ந்து பார்த்தார். "இதற்குள்ளிருந்து எப்படி இறங்குவது" என்று மட்டும் கேட்டார். ஐந்து தரம் இறங்கிக் காட்டினேன்.

போன ஞாயிறு மின்னேரியாவில் ஓடினேன். பதினான்கு காரில் பதினோராவது. இரண்டாம் சுற்றில் ஒருவர் உள்ளே விட்டு இடித்ததில் முன் பம்பர் தடத்திலேயே தங்கிவிட்டது. பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது என்பதால் வேப்பமரத்தடியில் இன்னொன்று வடிவாக இருக்கிறது. நாளைக்குப் போய்க் கழற்ற வேண்டும்.