வியட்நாமிய மொழியில் ஆபத்து நேரத்தில் எந்தச் சொல்லைக் கத்துவது?

கேள்வி:
வணக்கம். வேலைக்காக வியட்நாமின் ஹைபோங் நகருக்கு வந்திருக்கிறேன். தொழிற்சாலையில் இன்னும் சில தமிழர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்குமாக ஒரு அவசரச் சொற்பட்டியல் எழுதி, ஃபோன் கவருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மொழிபெயர்ப்புச் செயலியில் கிவ் ஹோ, கிவ் நான், கிவ் ச்செ, கப் கிவ் என்று எதைப் போட்டாலும் "மீட்பு", "உதவி" என்றே மாறி மாறி வருகிறது. எது எங்கே பயன்படும்? தண்ணீரில் விழுந்தால் எதைக் கத்துவது?

பதில் 1 (ஹனோய்):
கத்துவதற்கு "கிவ் தோய் வெய்!" போதும். என்னைக் காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். மூச்சு வாங்கினால் "கிவ் வெய்!" மட்டும். இது உயிர் போகிற ஆபத்துக்குத்தான். பெட்டி தூக்கவோ வழி கேட்கவோ "ஸுப்" என்று சொல்லுங்கள், தெற்கே சைகோன் பக்கம் அதுவே "யுப்". சாதாரண உதவிக்குப் போய் கிவ் என்று கத்தினால் சுற்றியிருப்பவர்கள் பதறிவிடுவார்கள்.

கிவ் என்பது சீனத்திலிருந்து வந்த வேர். காப்பாற்றுவது என்று பொருள், கூட எது ஒட்டுகிறது என்று பாருங்கள். கப் என்றால் அவசரம். மருத்துவமனையில் கப் கிவ் என்று எழுதியிருக்கும் வாசலுக்குத்தான் நோயாளியைக் கொண்டுபோக வேண்டும். கிவ் நான் ஆட்களை மீட்பது, கிவ் ஹோ வண்டியையும் உடைமையையும் மீட்பது. சாலையில் நின்றுபோன காரை இழுத்துச் செல்கிற வண்டி "ஸே கிவ் ஹோ".

கிவ் ச்செ நிவாரணம். 2024 செப்டம்பர் 7 அன்று யாகி புயல் உங்கள் ஹைபோங் பக்கம்தான் கரையேறியது. மூன்று நாளில் லாவோ காய் மாகாணத்தின் லாங் நூ கிராமத்தை மண்சரிவு அடித்துக்கொண்டு போனது. அப்போது வடக்கே போன லாரிகளின் முகப்புப் பதாகையில் இந்தச் சொல்தான் இருந்தது. உள்ளே தண்ணீர், நூடுல்ஸ், அப்புறம் இலையில் பொதிந்து வேகவைத்த அரிசிக் கட்டியான பான் ச்சுங். சமைக்க அடுப்பில்லாத வீட்டில் அப்படியே பிரித்துச் சாப்பிடலாம், சில நாள் கெடாது.

பதில் 2:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் தொனி விட்டுப்போய்விட்டது. கிவ் சொல்லும்போது குரல் மேலேற வேண்டும். இறக்கினால் செம்மறியாடு ஆகிவிடும். தீ விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. "ச்சய்!" என்று குரலை ஏற்றினால் தீ. ஏற்றம் இறக்கம் இல்லாமல் சொன்னால் சைவ உணவு, கடையில் "ஆன் ச்சய்" என்று கேட்கிறோமே, அதே சொல். தொண்டையை அடைத்துக் கீழே அமுக்கினால் ஓடுவது என்று பொருள். எழுத்து மட்டும் எழுதி வைத்தால் ஆபத்தில் உதவாது. ஒவ்வொரு சொல் பக்கத்திலும் ஏற்றமா இறக்கமா என்று கோடு போடுங்கள், கூட வேலை செய்யும் ஒரு வியட்நாமியரிடம் சத்தமாகச் சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கோடு போட்டே எழுதுகிறேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருந்தால் ஃபோனில் எப்படிப் பேசுவது? முகவரி சொல்வதற்குள் திணறிவிடுவோமே.

பதில் 1:
காவல் 113, தீயணைப்பும் மீட்பும் 114, ஆம்புலன்ஸ் 115. பக்கத்தில் யாராவது இருந்தால் நீங்களே பேச முயல வேண்டாம். "ஆஞ் எய், ஸுப் எம் வெய்" என்று கூப்பிடுங்கள். "அண்ணே, இந்தத் தம்பிக்கு உதவுங்க" என்கிற மாதிரி. பெண் என்றால் ஆஞ்சுக்குப் பதில் "சி". முறை சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். அப்புறம் "கோய் மோட் மோட் நம்", அதாவது 115-ஐக் கூப்பிடுங்கள் என்று சொல்லி ஃபோனைக் கையில் கொடுத்துவிடுங்கள். பட்டியலின் மறுபக்கத்தில் தொழிற்சாலை முகவரி, தங்குமிட முகவரி, ரத்த வகை, ஒவ்வாமை எல்லாவற்றையும் வியட்நாமிய எழுத்தில் ஒரு உள்ளூர்க்காரரை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் அதைப் பார்த்து வாசித்துவிடுவார்கள்.