ஒற்றையடிப் பாதையில் முன்சக்கரம் வழுக்குகிறது, பின்சக்கரம் ஓயாமல் பஞ்சர்: சேலம் பக்கம் மலை சைக்கிள் ஓட்டுபவர்கள் உதவுங்கள்

செவ்வாய்பேட்டை சைக்கிள்:

வணக்கம். சேலத்தில் இருக்கிறேன், எடை 78 கிலோ. ஏழு மாதத்துக்கு முன் ஒரு மலை சைக்கிள் வாங்கினேன். 29 அங்குல சக்கரம், 2.2 அங்குல அகல டயர், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறுமளவுக்குப் பழகிவிட்டேன். தார் ரோட்டில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு மாதமாக ஞாயிறு காலையில் அடிவாரக் கிராமங்களின் ஒற்றையடிப் பாதைகளில் ஓட்டுகிறேன். மாந்தோப்பு ஓரமாக இறங்கி, வறண்ட ஓடையைத் தாண்டி, கரட்டைச் சுற்றி வரும் பாதை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுவதும் காத்திருக்கிறேன். ஆனால் மூன்று தொல்லைகள்.

முதலாவது, வளைவில் சரளை இருந்தால் முன்சக்கரம் வெளிப்பக்கமாக ஓடிவிடுகிறது. இரண்டு முறை விழுந்தாயிற்று, முழங்கை தோல் போய்விட்டது. இரண்டாவது, எட்டு ஞாயிறில் ஐந்து முறை பின்டயர் பஞ்சர். மூன்றாவது, பாதி இறக்கத்திலேயே பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொடுகிறது, கருகிய வாசனை வேறு. டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் அதிகபட்சம் 65 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பதால் 55 வைக்கிறேன்.

வாங்கிய கடையில் கேட்டால், "இதுக்கு ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டிதான் சார் சரி" என்கிறார்கள். அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது. வண்டியை மாற்றித்தான் ஆகவேண்டுமா? இன்னொன்று, மலைக்கு மேலே ஓட்டத் தகுந்த பாதைகள் உண்டா?

பழைய மெக்கானிக்:

தம்பி, வண்டியை மாற்ற வேண்டாம். முதலில் பஞ்சரைப் பார்ப்போம். பழைய டியூப்களைத் தூக்கிப் போடவில்லையே? எல்லாவற்றையும் எடுத்துக் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். ஓட்டை டயர் பக்கமா, ரிம் பக்கமா? ஒற்றை ஓட்டையா, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டா? வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறது? இந்த மூன்றையும் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

கொங்கு ரைடர்:

டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாற்றிவிடுங்கள், பஞ்சர் கவலையே இருக்காது.

பழைய மெக்கானிக்:

நல்ல யோசனைதான், ஆனால் காரணம் தெரிந்த பிறகு செய்யட்டும். அவருடைய ரிம்மும் டயரும் அதற்கு ஏற்றவையா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். மறுபடி ஊற்றாமல் விட்டால் முள் ஏறும் அன்று உள்ளே வெறும் காற்றுதான் இருக்கும்.

செவ்வாய்பேட்டை சைக்கிள்:

அண்ணா, நான்கு டியூப்கள் வீட்டில் இருந்தன. நான்கிலுமே டயர் பக்கம் ஊசி குத்தியது போல ஒற்றை ஓட்டை. ஆனால் வரிசையாகத் தரையில் போட்டு அளந்தபோது ஆச்சரியமாகிவிட்டது. மூன்றில் ஓட்டை வால்விலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில், இரண்டு சாணும் நான்கு விரலும்!

பழைய மெக்கானிக்:

அப்படியானால் குற்றவாளி டயருக்குள் உட்கார்ந்திருக்கிறான். டயரைக் கழற்றி அந்த இடத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். விரலை வேகமாக ஓட்டாதீர்கள், கிழித்துவிடும். ஒரு பஞ்சுத் துண்டால் துடையுங்கள், முள் இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும்.

செவ்வாய்பேட்டை சைக்கிள்:

கிடைத்துவிட்டது! சீமைக்கருவேல முள்ளின் நுனி. வெளியே ஒடிந்துபோய், உள்ளே அரை நெல் அளவு கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. மூக்குக் குறட்டால் உள்ளிருந்து பிடித்து இழுத்தேன். இன்னோர் இடத்தில் நெருஞ்சி முள், இரண்டு கொம்போடு அப்படியே குத்தி நின்றது. ஐந்து தடவை டியூப் மாற்றிய கடையில் ஒருவரும் டயரைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பழைய மெக்கானிக்:

இனி ஒவ்வொரு பஞ்சருக்கும் டியூபை வால்வுக்கு நேராக டயர் மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.

அடுத்தது வழுக்கல். 55 பிஎஸ்ஐ மண் பாதைக்கு ரொம்ப அதிகம். டயரில் எழுதியிருப்பது தாங்கும் உச்ச அளவு, அதுவே வைக்க வேண்டிய அளவு ஆகாது. கல் மாதிரி விறைத்த டயர் சரளை மேல் உருளும், பிடிக்காது. உங்கள் எடைக்கு முன்னால் 26, பின்னால் 29 வைத்துத் தொடங்குங்கள். பஞ்சர்க் கடையின் காற்றழுத்தம் அளக்கும் கேஜை நம்பாதீர்கள், குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் சின்ன கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டியூப் போட்ட வண்டியில் இதற்கும் ரொம்பக் கீழே போனால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு வெட்டு விழும். அது தெரிந்தால் பின்னால் மட்டும் இரண்டு இரண்டாக ஏற்றுங்கள்.

பிரேக்கை இறக்கம் முழுக்கப் பிடித்தபடியே வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். வளைவுக்கு முன், நேராக இருக்கும் இடத்தில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். இடையிடையே டிஸ்க் ஆறும். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள், முகம் கண்ணாடி போலப் பளபளத்தால் மணல் தாளில் லேசாகத் தேயுங்கள். தேய்மானப் பொருள் ஒரு மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் புதிது போடுங்கள். கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும், நகராத பக்கத்தைத் திருகி டிஸ்க்குக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாததால்தான் லீவர் உள்ளே போகிறது. அப்புறம், இறங்கிய கையோடு டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

கொங்கு ரைடர்:

இன்னொன்று, இறக்கத்தில் சீட்டை ஒரு சாண் இறக்கிவிடுங்கள். பெடல் இரண்டும் சமமாக இருக்க எழுந்து நில்லுங்கள். பயத்தில் ரொம்பப் பின்னால் சாய்ந்தால் முன்சக்கரத்தில் எடையே இருக்காது, அதுவும் வழுக்கும். எனக்கு இது புரியவே ஒரு வருடம் ஆனது.

மலைவாசல்:

நான் ஏற்காட்டுப் பக்கத்துக் கிராமம், தினமும் ஓட்டுகிறேன். பாதை பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

மேலே பாதைகள் நிறையவே உண்டு, ஆனால் எல்லாம் யாரோ ஒருவர் தினமும் நடக்கும் பாதைகள். காப்பித் தோட்டத்துப் பாதை என்றால் தோட்டக்காரரிடம் கேட்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம், தலையில் மூட்டையோடு பெண்கள் எதிரே வருவார்கள். சைக்கிளைவிட்டு இறங்கி மேட்டுப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் அவர்களைத் தள்ளாதீர்கள். காப்புக்காடு, அதாவது அரசு பாதுகாக்கும் காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. 2024இல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளும் நடப்பவர்களுக்கானவை, அதைப் பார்த்துவிட்டு சைக்கிளோடு போய்விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

விடியலிலும் அந்தியிலும் காட்டெருமை பாதையிலேயே நிற்கும். மணியடித்து விரட்டப் பார்க்காதீர்கள். நின்று, மெல்லப் பின்வாங்கி, அது போகும்வரை காத்திருங்கள். மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையில் ஓட்டவே வேண்டாம். சக்கரம் கிழித்த தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் போட்டுவிடும், பிறகு அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்தான் வழுக்கி விழுவார்கள்.

ஆரம்பத்துக்கு நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் ஊர்களை இணைக்கும் மண் வழிகள் போதும். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "இந்த வழி எங்கே போகுது?" என்று கேட்டால் வரைபடத்தில் இல்லாததெல்லாம் சொல்வார்கள்.

செவ்வாய்பேட்டை சைக்கிள்:

அக்கா, மிக்க நன்றி. உண்மையைச் சொன்னால், அடிவாரப் பாதை யாருடையது என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. இந்த வாரம் கேட்கிறேன்.

செவ்வாய்பேட்டை சைக்கிள் (இரண்டு வாரம் கழித்து):

முன்னால் 26, பின்னால் 30, புது பேட். அதே சரளை வளைவில் முன்சக்கரம் லேசாக நகர்ந்தது, ஆனால் பிடித்துக்கொண்டது. இரண்டு ஞாயிறும் பஞ்சர் இல்லை. லீவர் கடைசிவரை பாதியிலேயே நின்றது.

மாந்தோப்புக்காரரைப் பார்த்தேன். பாதையில் தாராளமாக ஓட்டிக்கொள்ளச் சொன்னார். காய் இறக்கும் மாதங்களில் மட்டும் வேண்டாமாம், டிராக்டர் வருமாம். ஓடைக்கு அந்தப் பக்கம் காப்புக்காட்டு எல்லைக் கல் இருப்பதைக் கூட்டிப்போய்க் காட்டினார். செடிக்குள் மறைந்திருந்தது, நான் எட்டு வாரமாக அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். இனி ஓடையோடு திரும்பிவிடுவேன்.

பழைய மெக்கானிக்:

நல்லது தம்பி. எடுத்த முள்ளைப் பத்திரமாகக் குப்பையில் போட்டீர்களா? வாசலில் போட்டால் அடுத்தது செருப்பில் ஏறும்.