தண்ணீர்மலை வெயிலும் தர்பூசணியும்: உங்கள் வீட்டில் எப்படி?

பினாங்குக்காரி:

நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, வருஷம் முழுக்க வேர்வைதான். ஆனாலும் ஜனவரியில் மழை குறைந்த பிறகு பினாங்கில் அடிக்கிற வெயில் வேறு ரகம். தைப்பூசமும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் குடும்பம் போடும் பந்தலில் முன்பெல்லாம் மோர், சிராப் (ரோஸ் சர்பத்), பானகம்தான். இப்போது கொஞ்ச காலமாகத் தர்பூசணிக்கு மாறிவிட்டோம்.

பல பந்தல்களில் பார்த்திருப்பீர்கள். பழத்தை அரைத்து, சிராப்பை ஊற்றி, மேலே ஐஸ் கட்டியைக் கொட்டுவார்கள். காலையில் நன்றாகத்தான் இருக்கும். வெயில் ஏறினதும் ஐஸ் உருகி, கடைசியில் மிஞ்சுவது ரோஸ் தண்ணீர். தர்பூசணியில் நூற்றுக்கு 92 பங்கு ஏற்கெனவே தண்ணீர்தான். அதில் இன்னும் தண்ணீர் விட்டால் பழத்தை எங்கே போய்த் தேடுவது?

எங்கள் பெரியம்மா ஐஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதல் நாளே பாதிப் பழத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி பிரீசரில் வைப்பார். நன்றாக இறுகினதும் பையில் அள்ளிப் போட்டு மறுபடியும் பிரீசர். மறுநாள் மீதிப் பழத்தை அரைத்து, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் இஞ்சிச் சாறு, எலுமிச்சை சேர்த்து, அதில் அந்த உறைந்த துண்டுகளைக் கொட்டுவோம். உருகினாலும் உருகுவது பழம்தானே.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அரைத்த சாறு சும்மா நின்றால் சதை மேலே ஏறிக்கொள்ளும், தெளிந்த நீர் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் கரண்டியை அடிவரை விட்டு ஒரு கிண்டு கிண்டித்தான் அள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வருகிறவருக்குச் சதை, கடைசியில் வருகிறவருக்குச் சிவப்புத் தண்ணீர். துண்டின் ஓரம் இளகி, நடுவில் இன்னும் மொறுமொறு என்று இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் சரியான பதம்.

காவடி எடுப்பவரைவிட அவரோடு வருகிற மாமன் மச்சான்மார்தான் அதிகம் குடிப்பார்கள். வெறுங்காலோடு தார் ரோட்டில் நின்றபடி ஒரு பெரியவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "இதுல என்னம்மா போட்டிருக்க?" என்று கேட்டார். "உப்புங்க ஐயா." "பழத்துக்கு உப்பா?" "குடிச்சு முடிச்சுட்டுத்தானே கேக்குறீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே இன்னொன்று வாங்கினார். அவருக்கு இன்னும் 513 படி பாக்கி.

நீங்கள் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள்.

செந்தூல் தம்பி:

அக்கா, சிராப்பை ரொம்பத் திட்டாதீர்கள். கோலாலம்பூரில் நோன்பு மாதம் வந்துவிட்டால் சாயங்கால பசாரில் கண்ணாடித் தொட்டி நிறைய இளஞ்சிவப்பாக நிற்குமே, ஆயர் தெம்பிகாய் சூசு என்கிற தர்பூசணிப் பால், அதற்குச் சிராப் இல்லாமல் முடியாது. எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) அதைச் செய்யும்போது கூட நின்று பார்த்தேன். பிளெண்டரைத் தொடவே மாட்டார். பழத்தை இரண்டாகப் பிளந்து, கரண்டியால் சுரண்டியே எடுப்பார். அதில் சின்னதும் பெரிதுமாகத் துண்டும் விழும், சாறும் சேரும். டின் பாலில் கெட்டிப்பால் கொஞ்சம், தண்ணியாக இருக்குமே அந்த இன்னொரு டின் பால் தாராளமாக, சிராப் நிறத்துக்கு மட்டும். தண்ணீரில் ஊறிய செலாசே (சப்ஜா) விதை இரண்டு கரண்டி.

ஆனால் உங்கள் எலுமிச்சையை இதில் விட்டுவிடாதீர்கள், பால் திரிந்துவிடும். தர்பூசணியில் புளிப்பு மிகக் குறைவு, அதனால்தான் பாலோடு சண்டை போடுவதில்லை. பச்சை அன்னாசியைப் போட்டு இதே வேலையைச் செய்தால் கொஞ்ச நேரத்தில் கசந்துவிடும். அதிலுள்ள என்சைம் பால் புரதத்தை உடைத்துவிடுகிறது.

ஜெலுத்தோங் அக்கா:

நான் கடல்பாசி (அகர் அகர்) கட்சி. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வருகிற கூட்டத்தில் பிரிஜையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஜெலட்டின் போட்ட ஜெல்லி நம் ஊர் சூட்டில் அசடு வழியும். கடல்பாசி ஒரு தடவை உறைந்துவிட்டால் 85 டிகிரி வாக்கில்தான் மறுபடி உருகும், நாள் முழுக்க மேசையில் நிற்கும்.

தர்பூசணியில் செய்யும்போது சாற்றைக் கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் பூசணிக்காய் வேகிற வாசம் வந்துவிடும். கடல்பாசியையும் சர்க்கரையையும் கொஞ்சம் தண்ணீரில் முழுதாகக் கரையும் வரை கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வடிகட்டின சாற்றை ஊற்றுவேன். சாறு பிரிஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்கவே கூடாது. 40 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே கடல்பாசி இறுக ஆரம்பிக்கும். சில்லென்ற சாறு பட்டால் நூல் நூலாகத் திரண்டு, ஊற்றுவதற்குள் பானையிலேயே கட்டிப்போகும்.

அடியில் பண்டான் இலைச் சாற்றில் பச்சை, நடுவில் தேங்காய்ப்பாலில் மெல்லிசாக வெள்ளை, மேலே தடிமனாகச் சிவப்பு. வெட்டி வைத்தால் தர்பூசணிக் கீற்றேதான். ஒரு அடுக்கு லேசாக இறுகி மேலே ஆடை கட்டினதும், முள்கரண்டியால் மெதுவாகக் கீறிவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள். முழுதாக இறுகிய பிறகு ஊற்றினால் வெட்டும்போது அடுக்கு தனித்தனியாகக் கழன்றுவிடும். விதைக்கு ஊறின செலாசே.

பட்டர்வொர்த் வாத்தியார்:

எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் மலேசியாதான். நீளமான பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு உறையவைப்பது, ஓரத்தைக் கடித்து உறிஞ்சுவது, எல்லாருக்கும் தெரியும். வெறும் தர்பூசணிச் சாற்றை ஊற்றினால் செங்கல்லாகிவிடும், பல்லுதான் போகும். அதில் சர்க்கரை குறைவு, தண்ணீர் அதிகம். கெட்டிப்பாலோ சீனிப் பாகோ கலந்தால் மென்மையாக உறையும். ஊற்றும்போது நாக்கில் கொஞ்சம் திகட்டுகிற இனிப்பாக இருக்கட்டும், ஏனென்றால் சில்லென்று இருக்கும்போது இனிப்பு நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும். நான் இதில் 'அசாம் போய்' என்கிற உப்புப் போட்டுக் காயவைத்த பிளம் பழத்தைப் பிய்த்துப் போடுவேன். அந்த உப்பும் புளிப்பும் சேர்ந்தால் தனி ருசி. பால் சேர்த்த கலவையில் மட்டும் வேண்டாம், தம்பி சொன்ன அதே காரணம்.

ஓட்டல் சமையல்காரன்:

எல்லாம் சரி, பழத்தை வெட்டுவதற்கு முன் தோலைக் கழுவுகிறீர்களா? தரையில் கிடந்து, லாரியில் வந்து, சந்தையில் உருண்ட பழம். கத்தி தோலைத் தாண்டித்தான் உள்ளே போகிறது, தோலில் இருக்கும் கிருமியையும் இழுத்துக்கொண்டு போகும். தம்பி பெருமையாகச் சொன்ன அந்தப் புளிப்புக் குறைவுதான் இங்கே வில்லன், கிருமிக்கு அது வசதி. ஓட்டலில் வெட்டின தர்பூசணியை 5 டிகிரிக்கு மேல் விடமாட்டோம். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைக் கொட்டிவிடுவோம். பால் கலந்த பானத்தை வெயிலில் சாயங்காலம் வரை வைத்து விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம், சிவப்பை எடுத்த பிறகு பச்சைத் தோலைச் சீவிவிட்டு அந்த வெள்ளையைப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள். சுரைக்காய் தோற்கும்.

பினாங்குக்காரி:

வெள்ளைப் பகுதி எங்கள் வீட்டில் சாம்பாருக்குப் போகிறது. பந்தலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே எடுப்போம், மீதியெல்லாம் ஐஸ் பெட்டியில் மூடியிருக்கும். தோலையும் கழுவிவிடுவோம், பயப்படாதீர்கள்.

ஜெலுத்தோங் அக்கா, எனக்கு அளவு வேண்டும். கடல்பாசி பொடியா, நூலா? எவ்வளவு?

ஜெலுத்தோங் அக்கா:

பொடிதான், நூலை ஊறவைத்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை. தண்ணீரும் சாறும் சேர்ந்து ஒரு லிட்டர் என்றால் 10 கிராம். கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டுமானால் இன்னும் ஒன்றிரண்டு கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் அடுக்கில் உப்பை மறந்துவிடாதீர்கள்.