நியூ ஜெர்சி செகண்ட் மார்ட்கேஜ் நோட்: ஏலம் வரை எவ்வளவு காலம் பிடிக்கும்?

வணக்கம். கேம்டன் கவுண்ட்டியில் ஒரு வீட்டின் மேல் 2006-இல் கொடுத்த செகண்ட் மார்ட்கேஜ், அதாவது முதல் அடமானத்துக்கு அடுத்து நிற்கும் இரண்டாவது அடமானக் கடன். அதன் நோட்டை, அதாவது கடனை வசூலிக்கும் உரிமை தரும் பத்திரத்தை, போன வருஷம் வாங்கினேன். பாக்கி அசல் 41,000 டாலர். வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் மார்ட்கேஜை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறார். என்னுடைய செகண்டுக்கு 2010-லிருந்து ஒரு சென்ட் வரவில்லை. வீட்டில் ஈக்விட்டி (வீட்டு மதிப்பில் கடன் போக மிச்சம்) நன்றாகவே இருக்கிறது, அதனால் விட மனசில்லை.

சர்வீசர் (எனக்காகக் கடனை வசூலிக்கும் கம்பெனி) மூலம் தவணைத் திட்டமும் சொல்லிப் பார்த்தாச்சு, அசலில் தள்ளுபடியும் சொல்லிப் பார்த்தாச்சு. பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார், போனை மட்டும் எடுப்பதில்லை! கேஸ் போடப்போவதாக அட்டர்னி அனுப்பிய முன்னறிவிப்பின் 30 நாள் கெடுவும் முடிந்தது. பழைய கடன் என்பதால் கேஸ் போட 20 வருஷக் காலவரம்பு, அது இன்னும் தாண்டவில்லை. வட்டியில்தான் சிக்கல்: பழைய பேங்க் சார்ஜ்-ஆஃப் செய்தபின் (வராக்கடன் என்று கணக்கில் எழுதியபின்) மாத ஸ்டேட்மென்ட் அனுப்பவே இல்லை. அந்தக் காலத்து வட்டியைக் கேட்க முடியாது என்கிறார் அட்டர்னி.

முன்பு ஜார்ஜியாவில் ஒரு நோட் வைத்திருந்தேன். அங்கே கோர்ட்டே வேண்டாம். நாலு வாரம் பேப்பரில் விளம்பரம், மாதத்தின் முதல் செவ்வாய் ஏலம். விளம்பரம் வந்த வாரமே கடன் வாங்கியவர் போனில் கூப்பிட்டுவிட்டார். நியூ ஜெர்சியில் எல்லாம் கோர்ட் வழி. தீர்ப்பு வந்தபிறகும் ஷெரிஃப் (கவுண்ட்டி அதிகாரி) நடத்தும் ஏலத்தைக் கடன் வாங்கியவர் இரண்டு தடவை தள்ளிப்போடக் கேட்கலாம்.

நியூ ஜெர்சியில் செகண்ட் மார்ட்கேஜுக்குக் கேஸ் போட்டவர்கள் சொல்லுங்கள்: எதிர்த்தரப்பு வாதாட வராத கேஸில், ஃபைல் செய்ததிலிருந்து ஷெரிஃப் ஏலம் வரை உங்களுக்கு எத்தனை மாதம் ஆனது?