பழைய 407-க்கு வீட்டிலேயே பெயிண்ட்: மேலேயே அடிக்கலாமா, தகரம் வரை உரிக்க வேண்டுமா?

கம்பம் வாழைமண்டி:

எங்கள் டாடா 407 அப்பா வாங்கியது. வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலையேறுகிற வண்டி. என்ஜினில் குறை இல்லை. பெயிண்ட்தான் போய்விட்டது. கேபின் கூரையில் கை வைத்தால் மஞ்சள் மாவு ஒட்டிக்கொள்கிறது. எட்டு வயது தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பழைய பெயிண்ட் மேலேயே ஒரு கை பூசிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த எஃப்.சி.க்குள் வீட்டு முற்றத்தில் வைத்து நானே அடிக்கலாம் என்று இருக்கிறேன். பழைய பெயிண்டை உரிக்காமல் சிந்தெடிக் எனாமல் அடித்தால் நிற்குமா? பி.யூ. (பாலியூரித்தேன் பெயிண்ட்) அடித்தால் பளபளப்பு குறையவே குறையாது என்று ஒருவர் சொல்கிறார். எதைக் கேட்பது?

தென்காசி டிங்கர்:

உரிக்காமல் அடிக்காதீர்கள் தம்பி. நாலைந்து பூச்சு ஏறிய வண்டியில் புதுப் பெயிண்ட் பிடித்துக்கொண்டிருப்பது தகரத்தை அல்ல, தனக்குக் கீழே உள்ள பெயிண்டை. அடியில் ஒரு பூச்சு விட்டுப்போனால் மேலே இருக்கிற அத்தனையும் சேர்ந்து செதிலாக வரும். தடிமன் கூடக்கூடப் பெயிண்ட் விறைத்துப்போகும். மலைப்பாதைக் குலுக்கலில் கதவு மடிப்பிலும் கேபின் மூலையிலும் முதலில் வெடிப்பு விடும். எஃப்.சி.க்காக அவசரமாகப் பூசிய வண்டிகளைத்தான் நாங்கள் வருடம் முழுக்கச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். பெயிண்டை இளக்கும் ரிமூவர் போட்டுத் தகரம் வரை இறக்குங்கள். பிறகு துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர், மேடுபள்ளம் நிரப்பும் பட்டி, அதன் மேல் பெயிண்ட். இதில் குறுக்கு வழி கிடையாது.

போடிமெட்டு ஜீப்:

அண்ணாச்சி, பட்டறைக்கு நீங்கள் சொல்வது சரி. வீட்டு முற்றத்துக்கு அது தவறான யோசனை. தொழிற்சாலையில் தகரத்தைப் பாஸ்பேட் கரைசலில் பதப்படுத்தி, அதன் மேல் பிரைமர் ஏற்றுகிறார்கள். தகரம் வரை இறங்கினால் அந்தப் பூச்சும் சேர்ந்து போய்விடும். அதை அதே தரத்தில் வீட்டில் திரும்ப வைப்பது கடினம். இவர் லோடு இறக்கிவிட்டு வந்து மாலையில் வேலை செய்யப்போகிறவர். உரித்த தகரம் இரவெல்லாம் பனியில் நின்றால் காலையில் செம்மண் பூசியது போலத் துரு படிந்திருக்கும். அதன் மேல் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. மேல் பெயிண்ட் ஏறாத ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும்.

கெட்டியாகப் பிடித்திருக்கிற பழைய பெயிண்டை விட நல்ல பிரைமர் வீட்டில் கிடைக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். டர்பன்டைன் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். இந்த வரிசை முக்கியம். பிசுக்கோடு தேய்த்தால் கிரீஸ் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், புதுப் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் குழி குழியாக விலகும். 320, பிறகு 400. பளபளப்பு எங்குமே இல்லாமல் மங்கிப்போகும் வரை தேய்த்தால் போதும்.

களியக்காவிளை மீன்வண்டி:

தகரம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இருவரும் பேசுகிறீர்கள். பெயிண்டுக்கு அடியில் உப்பு இருந்தால் மேலே எதை அடித்தும் பயன் இல்லை. உப்பு ஈரத்தைப் பெயிண்ட் வழியாகவே உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். எங்கள் வண்டிகளில் ஐஸ் உருகிய தண்ணீர் வழிகிற இடமெல்லாம் இதே கதைதான். கம்பத்தில் கடல் இல்லை, சரி. ஆனால் திரும்பி வரும்போது உரமூட்டை ஏற்றுவீர்களா? பொட்டாஷ் சிந்தி, மழையில் கரைந்து, பாடியின் அடிச்சட்டத்தில் இறங்கியிருந்தால் அதுவும் உப்புதான். அந்த இடத்தில் போடிக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். துரு முழுவதும் போகிற வரை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, காய்ந்த அன்றே பிரைமர் அடிக்க வேண்டும்.

கம்பம் வாழைமண்டி:

உரமூட்டை ஏற்றியதுண்டு அண்ணே. பின்பலகைக்குக் கீழே துரு இருக்கிறது.

தென்காசி டிங்கர்:

பார்த்தீர்களா? போடிக்காரரே, 'கெட்டியாகப் பிடித்திருக்கிற பெயிண்ட்' என்கிறீர்கள். எதை வைத்து முடிவு செய்வீர்கள்? கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பெயிண்டுக்கு அடியில் துரு ஓடியிருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

போடிமெட்டு ஜீப்:

கண்ணால் முடிவு செய்யச் சொல்லவில்லை. பிளேடால் தகரம் தொடுகிற ஆழத்துக்கு நெருக்கமாக ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கீறுங்கள். நல்ல ஒட்டும் டேப்பை அதன் மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் அந்தப் பகுதிப் பெயிண்டை வைத்துக்கொள்ளலாம். கட்டம் கட்டமாகக் கழன்று வந்தால் அங்கே உரிக்கத்தான் வேண்டும். கதவு, கூரை, மட்கார்டு, கேபின் பின்பக்கம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே வண்டியில் விடை மாறும்.

இன்னொரு சோதனையும் உண்டு. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த பஞ்சைப் பழைய பெயிண்ட் மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் வந்தால் அது என்.சி. லாக்கர். பெயிண்டின் தோல் சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் சூளையில் சுட்ட பெயிண்ட் அல்லது பி.யூ. சுருங்குகிற எனாமல் மேல் பி.யூ. அடித்தால் அதன் தின்னர் அடியிலுள்ள பூச்சைக் கிளப்பிவிடும். நீங்கள் நினைத்திருக்கிற சிந்தெடிக் எனாமலுக்கு டர்பன்டைன் போதும். அது மெதுவான கரைப்பான், கீழே உள்ளதைக் கலைக்காது.

தென்காசி டிங்கர்:

பி.யூ. வேண்டாம் என்பதில் நானும் உங்களோடுதான். காரணம் வேறு. அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே புகையில் அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சடைக்கும். துணி முகமூடி எதையும் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவந்து தருகிற முகமூடி இல்லாமல் என் பட்டறையில் யாரையும் பி.யூ. அடிக்க விடுவதில்லை. வீட்டு முற்றத்தில், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிற இடத்தில், அதை யோசிக்கவே கூடாது.

செங்கோட்டை ஆசிரியை:

கூரையில் மஞ்சள் மாவு ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று இதுவரை யாருமே கேட்கவில்லை. பழைய மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2016-இல் வந்த மத்திய அரசின் விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும்தான். வண்டிப் பெயிண்ட் அதில் அடங்காது. ஈயத்தூளில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பிடிக்கும். முற்றத்து மண்ணில் விழுந்த தூள் மழை பெய்தாலும் அங்கேயேதான் கிடக்கும். என்னைக் கேட்டால் இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது.

போடிமெட்டு ஜீப்:

டீச்சர் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். வண்டி முழுவதையும் உரிக்கக் கூடாது என்பதற்கு இதை விடப் பெரிய காரணம் எனக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி சொல்கிறபடி இறக்கினால் அத்தனை வருடத்துப் பெயிண்டும் அந்த முற்றத்தில்தான் விழும்.

தென்காசி டிங்கர்:

ரிமூவரில் ஊறிய பெயிண்ட் தூளாகப் பறக்காது. வழித்து டப்பாவில் போட்டுவிடலாம். கிரைண்டர் வைத்து உலர்ந்த பெயிண்டைத் தேய்ப்பதுதான் ஆபத்து. ஆனாலும் ஆசிரியை அம்மா கேட்டது நியாயம். தம்பி, குழந்தைகள் இருந்தால் வண்டியை மண்டிக்குக் கொண்டுபோங்கள்.

கம்பம் வாழைமண்டி:

அக்காவின் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். முற்றத்தில் செய்யப் போவதில்லை. மண்டியின் பின்புறம் சிமென்ட் தரை இருக்கிறது. தார்ப்பாய் விரித்து, வாட்டர் பேப்பரில் நனைத்து நனைத்துத்தான் தேய்ப்பேன். வழியும் சேற்றையும் அள்ளி மூடிவைத்துவிடுகிறேன். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு போட மாட்டேன்.

டேப் சோதனை பார்த்துவிட்டேன். கதவுகளின் மேல்பாதி, கேபின் பின்பக்கம், கூரையின் நடுப்பகுதி மூன்றிலும் கட்டங்கள் நின்றன. கதவின் கீழ்விளிம்பில் டேப்போடு துருவும் வந்தது. படிக்கட்டிலும் அப்படியே. தின்னர் பஞ்சு வைத்த இடம் சுருங்கியது, அதனால் எனாமல்தான். வெள்ளை நிறத்துக்கு மாறலாம் என்று அப்பா சொல்கிறார்.

களியக்காவிளை மீன்வண்டி:

நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொண்டு பிறகு பெயிண்ட் வாங்குங்கள். ஆர்.சி.யில் மஞ்சள், முன்னால் நிற்பது வெள்ளை என்றால் குமுளிச் சோதனைச் சாவடியிலும் கேள்வி வரும், எஃப்.சி.யிலும் கேள்வி வரும். என் யோசனை, மஞ்சளிலேயே இருங்கள். மஞ்சள் மேல் வெள்ளை மூடுவதற்குப் பூச்சும் கூடுதலாகத் தேவைப்படும்.

தென்காசி டிங்கர்:

ஆடிக்காற்று இன்னும் அடங்கவில்லை. கணவாய் வழியாக இறங்குகிற காற்று உங்கள் பள்ளத்தாக்குப் புழுதி முழுவதையும் ஈர எனாமல் மேல் கொண்டுவந்து கொட்டும். எனாமல் மெதுவாகக் காய்கிற பெயிண்ட், அதனால் காற்று நிற்கிற வரை பொறுங்கள்.

போடிமெட்டு ஜீப்:

எஃப்.சி. தேதி பொறுக்காது அண்ணாச்சி. ஸ்ப்ரே கன் இல்லாமல் நுரை ரோலரும் நல்ல பிரஷும் போதும். மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, காலைப் பனி காய்ந்தபின் காற்று எழும்புவதற்குள் ஒரு பக்கம் முடித்துவிடலாம். மெல்லிய பூச்சாக இரண்டு. தடிமனாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நின்று சுருக்கம் விழும். அடித்த பிறகு சில வாரங்களுக்கு அழுத்திக் கழுவ வேண்டாம், எனாமல் முழுதாக இறுக அவ்வளவு காலம் எடுக்கும்.

கம்பம் வாழைமண்டி:

அப்படியானால் நின்ற இடத்தில் தேய்த்து மேலேயே அடிக்கிறேன். கதவின் கீழ்விளிம்பு, படிக்கட்டு, பின்பலகைச் சட்டம் மூன்றையும் தகரம் வரை இறக்கி, அன்றன்றே பிரைமர் அடிக்கிறேன். நிறம் மஞ்சள்தான், அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

தென்காசி டிங்கர்:

கூரை ஓரத்துத் தண்ணீர் மடிப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் டேப் நின்றதை வைத்து ஓரத்தை முடிவு செய்யாதீர்கள், மடிப்புக்குள் பிளேடு போகாது. அந்த இடத்தை உரிக்காமல் விட்டால் அடுத்த எஃப்.சி.க்குள் மஞ்சளில் செங்கோடு வழியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும். முன்னால் பூசியவர்கள் பட்டியும் பெயிண்டும் போட்டு அவற்றை அடைத்திருப்பார்கள். கதவு உள்ளிருந்து துருப்பிடித்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். கம்பி விட்டுத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு பிரைமரைத் தொடுங்கள். பழைய ஒளிர் டேப் மேல் பெயிண்ட் அடிக்காமல் முழுவதும் உரித்துவிட்டு, வேலை முடிந்ததும் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று புதிதாக ஒட்டுங்கள்.