பூத்துக் கொட்டியது, காய்க்கத்தான் இல்லை: வெள்ளரி வளர்த்த கதைகள்

மதுரை, மூன்றாவது மாடி

மாசியில் இரண்டு பைகளில் நாட்டு வெள்ளரி விதை ஊன்றினேன். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஐந்தாம் நாள் முளைத்தது. ஒரு மாதத்தில் கொடி, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துவிட்டது. சட்டை போட இடமில்லை என்று வீட்டில் புகார் வேறு.

அப்புறம் பூத்தது. தினமும் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் பூ. மறுநாளே எல்லாம் வாடி உதிரும். ஒரு பிஞ்சு கிடையாது. சத்து போதவில்லை போலிருக்கிறது என்று மீன் அமிலம் ஊற்றினேன்; கொடி கொழுத்ததுதான் மிச்சம். ஊரிலிருந்து வந்த அத்தை பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆண் பூடா, பெண் பூ இனிமேத்தான் வரும், பொறு" என்றார். பெண் பூவின் அடியில் குட்டியாக, முள் முள்ளாக ஒரு பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். இது தெரியாமல் இத்தனை நாள் உரத்தைத் திட்டியிருக்கிறேன்.

பெண் பூவும் வந்தது. அந்தப் பிஞ்சுகளும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தன. அப்போதுதான் உறைத்தது: சுற்றிலும் சிமென்ட் தளம், தேனீ எதற்காக மூன்று மாடி ஏறி வரும்? அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு நான்தான் தேனீ. அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுவேன். பிரஷ் எல்லாம் வேண்டாம். வெயில் ஏறிய பிறகு தடவினால் பெரும்பாலும் வீண். முதல் வாரம் ஒன்பது பூவில் ஆறு பிஞ்சு நின்றது. பிறகு பக்கத்தில் துளசியைக் கிள்ளாமல் பூக்க விட்டேன், கொசுத்தேனீ தானாக வந்தது.

சித்திரைத் திருவிழாவில் அலைந்ததில் மூன்று நாள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். அதற்குப் பின் பறித்த காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. முனையை வெட்டித் தேய்த்து நுரை எடுத்தும் பார்த்தேன், போகவில்லை. கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் காயில் கூடிவிடுமாம். இப்போது காலையும் மாலையும் தண்ணீர், மண்மேல் காய்ந்த சருகு மூடாக்கு. உங்களுக்கு எப்படி?

தஞ்சாவூர் பக்கம், கொல்லை

எங்களுக்குத் தேனீக்குப் பஞ்சமில்லை, பழ ஈதான் எமன். பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, அதில் பிசின் மாதிரி ஒரு சொட்டு. நாலு நாளில் காய் கோணிப்போகும், வெட்டினால் உள்ளே புழு. அழுகி விழுந்ததைக் குப்பைக்குழியில் போட்டு நானே ஈயை வளர்த்திருக்கிறேன்! இப்போது பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிடுகிறேன். பிஞ்சு நின்றதும் காகிதப் பை கட்டுகிறேன். இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்தேன், அதில் ஆண் ஈ மட்டுமே விழும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியவில்லை. சிவப்பு வண்டுக்கு விடியற்காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவுவதே போதும்.

கோவை, பால்கனி

பூந்தடவும் வேலைக்குச் சோம்பல் பட்டு, மகரந்தம் சேராமலே காய்க்கும் ஒட்டுரக விதை வாங்கினேன். பத்து விதைக்குக் கொடுத்த விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். காய் நிறையத்தான் வந்தது, விதையே இல்லாமல் வழவழவென்று. ஆனால் பஸ் ஸ்டாண்டில் உப்பு மிளகாய்த்தூள் தடவித் தருவார்களே, அந்த ருசி இல்லை.

மதுரை, மூன்றாவது மாடி

ருசிக்கு நாட்டு ரகம்தான். ஒரு காயை விதைக்கென்று பறிக்காமல் விட்டேன். மஞ்சளாகப் பழுத்து நேற்று வெடித்தது. சதையை நாட்டுச்சர்க்கரை போட்டுத் தின்றாயிற்று, விதை சாம்பலில் புரண்டு நிழலில் காய்கிறது. ஆடிக்கு யாருக்காவது வேண்டுமா?